சந்தை படுத்திருக்கும்போது ஓவியராகப் பிழைப்பது எப்படி?

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, மதுரையில் ஓர் உணவகத்தின் சுவரில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை வரைந்துகொண்டிருந்தேன். குதிரை முடிந்திருந்தது. கூட்டம் பாக்கி. அந்த ஆண்டு அழகர் வைகையில் இறங்கவே இல்லை. உணவகமும் மீண்டும் திறக்கவில்லை. பதினோரு நாள் வேலைக்கு என் கையில் இருந்தது ஐயாயிரம் ரூபாய் முன்பணம் மட்டும்தான். உரிமையாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் கடனில்தான் இருந்தார். ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு, எப்போது என்று ஒரு வரிகூட எழுதி வாங்காமல் சுவரில் ஏறியது என் பிழை. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு வெளியே வந்திருப்பவர்களுக்கும், பார்த்த வேலை போய் 'வரையத் தெரியுமே, அதை வைத்துப் பிழைக்கலாமா' என்று யோசிப்பவர்களுக்கும் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்தகாலத்தில் ஓவியத்தை வாங்குபவர்கள் குறைந்துவிடுகிறார்கள். ஓவியரின் கைவேலைக்குப் பணம் கொடுப்பவர்கள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வரவேற்பறைக்குப் பெரிய கேன்வாஸ் வாங்க நினைத்தவர் அதைத் தள்ளிப்போடுவார். பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் வேண்டும், புத்தகத்துக்கு அட்டை வேண்டும், கொலுவுக்குப் பழைய பொம்மைகளைத் தீட்டிக் கொடுக்க வேண்டும், குழந்தைக்கு வரையச் சொல்லித்தர வேண்டும். இவை நின்றுபோவதில்லை.

இதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1960களில் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். படிப்பை முடித்த பிள்ளைகள் சோற்றுக்காக ஓவியத்தையே கைவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, மாலை நேரங்களில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966இல் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படி வந்ததுதான். தமிழ் நவீன ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர், இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் கோட்டோவியம் போட்டவர். கோவில்பட்டி கொண்டையராஜு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தார். அந்தப் பிழைப்பு போனபின் ஸ்டுடியோ வைத்தார். சிவகாசி நாட்காட்டிகள் வழியாக அவருடைய சாமிப் படங்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. இவர்கள் போன வழியில்தான் நாமும் போகப்போகிறோம்.

முதல் வேலை: உங்கள் நாள்கூலியைக் கண்டுபிடிப்பது

கொத்தனாருக்குத் தன் நாள்கூலி எவ்வளவு என்று தெரியும். எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். ஓவியரிடம் கேட்டால் 'வேலையைப் பார்த்துச் சொல்கிறேன்' என்கிறார். மந்தகாலத்தில் முதலில் விழுவது இந்த இடத்தில்தான். தன் கூலி தெரியாதவர், எதிரே இருப்பவர் சொல்லும் முதல் தொகைக்குத் தலையாட்டிவிடுவார்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் என்ன செலவு என்று எழுதுங்கள்: வாடகை, அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்புவது. எடுத்துக்காட்டாக 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலுக்கு ஆகும் செலவு, அதாவது பொது வண்ணங்கள், இணையம், பெட்ரோல், பொருள் வைக்கும் அறை, 6,000. மொத்தம் 30,000. இதை 30 நாளால் வகுக்காதீர்கள், 25ஆலும் வேண்டாம். வேலை தேடி அலையும் நாள், மாதிரி வரைந்து காட்டும் நாள், பாக்கி கேட்டுப் போகும் நாள் ஆகியவற்றுக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். என் அனுபவத்தில் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் கூலி கிடைக்கும் நாள். 30,000ஐ 12ஆல் வகுத்தால் 2,500. அதுதான் உங்கள் நாள்கூலி.

இனி நான்கு நாள் பிடிக்கும் சுவர் என்றால் கூலி மட்டும் 10,000. வண்ணம், ஏணி அல்லது சாரம், உதவியாளர் கூலி, போக்குவரத்து எல்லாம் தனி. வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குச் சதுர அடிக் கணக்கில் சொன்னால்தான் புரியும். முந்நூறு சதுர அடிச் சுவர் என்றால் உங்கள் மொத்தத்தை முந்நூறால் வகுத்துச் சொல்லுங்கள். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவரால்தான் "இதற்குக் கீழே முடியாது ஐயா, வேண்டுமானால் இடதுபக்கச் சுவரை விட்டுவிடலாம்" என்று சொல்ல முடியும். விலையைக் குறைப்பதற்குப் பதில் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

வருடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்களுக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் இது. ஓவியக் கைவேலைக்கு விவசாயத்தைப் போலவே பருவம் உண்டு. அறுவடை நேரத்தில் விதைக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது.

சித்திரை, வைகாசி வெயிலில் பள்ளிகள் மூடியிருக்கும். சுவரில் வரைய அதுதான் நேரம், ஜூனில் திறக்கும்முன் முடித்துக் கொடுக்க வேண்டும். அப்படியானால் பள்ளி நிர்வாகியைப் பார்க்க வேண்டியது பிப்ரவரியில், தேர்வுப் பரபரப்புக்கு முன்னால். மே மாதத்தில் போய் நின்றால் வேறு யாரோ ஏணியில் இருப்பார். தனியார் பள்ளிகளில் மழலையர் வகுப்புச் சுவருக்குத்தான் முதலில் பணம் ஒதுக்குவார்கள். எண், எழுத்து, பழம், பறவை என்று கேட்பார்கள். சலிப்பாக இருக்கும் என்று ஒதுக்காதீர்கள். ஒரு நெல்லி மரத்தை ஒழுங்காக வரைந்து வைத்தால் பத்து வருடம் குழந்தைகள் அதைப் பார்ப்பார்கள்.

அதே கோடையில் ஓவிய வகுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையோ மொட்டை மாடியோ போதும். காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று வைத்தால் வெயிலும் இராது, பெற்றோர் வேலைக்குப் போகும்முன் பிள்ளையைக் கொண்டுவந்து விடவும் வசதி. கோடை முகாம் ஒரு மாதத்தோடு முடிந்துவிடும். அதில் வரும் இருபது பேரில் நான்கு பேரை வருடம் முழுவதும் பிடித்துவைப்பதுதான் திறமை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. ஓவிய ஆசிரியர் வேலையை நினைப்பவர்கள் இதை எழுதுகிறார்கள். கட்டடக்கலை, ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளிலும் வரைதல் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மந்தகாலத்திலும் அசையாத வருமானம். வீட்டில் எதைக் குறைத்தாலும் பிள்ளையின் படிப்புச் செலவை நம் ஊர்ப் பெற்றோர் கடைசியில்தான் குறைப்பார்கள்.

ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. மேடை அலங்காரம், வரவேற்புப் பலகை, மணமக்கள் உருவப்படம் எல்லாம் நின்றுவிடும். ஆனால் சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். படங்கள் அதற்குப் பல வாரம் முன்பே போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். நாட்காட்டிக்கு வரைய விரும்புகிறவர் பங்குனி, சித்திரையிலேயே மாதிரிகளோடு அச்சகங்களுக்குப் போக வேண்டும். இப்போது புகைப்படமும் கணினிப் படமும்தான் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் சாமிப் படத்தில் முகத்தைச் சரியாக எழுதத் தெரிந்தவரை அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை.

புரட்டாசியில் கொலு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பொம்மை செய்யும் குடும்பங்கள் வருடம் முழுவதும் வேலை செய்கின்றன. அங்கே நான் ஊரடங்குக்குப் பிறகு இரண்டு மாதம் கண் எழுதும் வேலை பார்த்தேன். பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி, வேகம்தான் காசு. முதல் நாள் என்னால் நாற்பது பொம்மை முடிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, ஐம்பது வயது இருக்கும், பேசிக்கொண்டே என்னைவிட மூன்று மடங்கு முடித்துவிட்டார். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே கோடு இழுக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். கல்லூரியில் நான்கு வருடத்தில் அதை யாரும் சொல்லவில்லை. கொலுவை ஒட்டி இன்னொரு வேலையும் உண்டு: வீடுகளில் பாட்டி காலத்துப் பொம்மைகள் வண்ணம் உதிர்ந்து பரணில் கிடக்கும். ஆவணியிலேயே 'பழைய கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டித் தரப்படும்' என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிடுங்கள். புதுப் பொம்மை வாங்கப் பணம் இல்லாத ஆண்டில்தான் இந்த வேலை அதிகம் வரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புத்தக அட்டை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது, எல்லாப் பதிப்பகங்களும் அதற்குள் புத்தகம் கொண்டுவரத் துடிக்கும். அந்த மூன்று மாதத்தில் அட்டைக்கு ஓவியரைத் தேடி இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வரும். ஆனால் உங்கள் பெயர் அவர்கள் நினைவில் இருக்க வேண்டுமென்றால் ஜூலையிலேயே மாதிரிகள் போயிருக்க வேண்டும். மாவட்டந்தோறும் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது. பதிப்பாளர்கள் அங்கே கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டமில்லாத மதிய வேளையில் ஐந்து மாதிரி அட்டைகளோடு போய்ப் பேசுங்கள். அந்தப் பதிப்பகத்தின் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, அதற்கே அட்டை வரைந்து கொண்டுபோங்கள். நான் வாங்கிய முதல் அட்டை வேலை அப்படித்தான் வந்தது. தொகை சிறியது. ஆனால் ஓர் அட்டை ஆயிரம் வீடுகளுக்குப் போகும் சுவர்.

தை பிறந்தால் கும்பாபிஷேகம், கல்யாணம், புதுவீடு. கோயில் வேலையில் கோபுர வண்ணம், வாகனங்களுக்கு மெருகு, சுவரில் தலபுராணக் காட்சிகள் வரும். இதில் ஸ்தபதியின் குழுவில் சேராமல் தனியாக நுழைய முடியாது. நுழைந்தால் உயரம், சாரம், காப்பீடு இல்லாத வேலை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக் கயிறு இல்லாத சாரத்தில் எந்தக் கூலிக்கும் ஏறாதீர்கள்.

இந்தப் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மாதம் முன்னால் 'யாரைப் பார்க்க வேண்டும்' என்று எழுதுங்கள். உங்கள் ஊரின் பருவம் வேறாக இருக்கும். வேளாங்கண்ணி ஆவணித் திருவிழாவும், நாகூர் கந்தூரியும், தென்மாவட்டக் கோயில் கொடைகளும் அந்தந்த ஊர் ஓவியருக்குத் தனிப் பருவங்கள்.

தூரிகையை நனைக்கும்முன் எழுதி வாங்குங்கள்

வக்கீல் பத்திரம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கினாலே பாதி சண்டை குறையும். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் ஐயா. நேற்றுப் பேசியபடி, கடையின் வலதுபக்கச் சுவர், 12 அடி நீளம், 9 அடி உயரம். படம்: வயல்வெளி, மாதிரி இணைத்திருக்கிறேன். மொத்தம் ரூ. 21,600. தொடங்கும்போது பாதி, கோடு முடிந்து வண்ணம் தொடங்கும்போது கால் பங்கு, முடித்த அன்றே மீதி. மாதிரியில் இரண்டு முறை மாற்றம் செய்து தருவேன். சுவரில் வரையத் தொடங்கிய பிறகு மாற்றம் என்றால் ஒரு நாளுக்கு ரூ. 2,500 கூடுதல். இடையில் வேலை நின்றால் அதுவரை முடிந்த வேலைக்கான தொகை என்னைச் சேரும். சரியென்றால் பதில் அனுப்புங்கள்."

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அழகர் குதிரைக்காவது எனக்குக் கூலி கிடைத்திருக்கும்.

தெரிந்தவர்களிடம் இப்படி அனுப்பக் கூச்சமாக இருக்கும். "என்ன தம்பி, நமக்குள்ளே கணக்கெல்லாமா?" என்பார்கள். "உங்களுக்காக இல்லை அண்ணா, நான் மறந்துவிடுவேன், அதனால்தான்" என்று சொல்லிவிட்டு அனுப்பிவிடுங்கள். இதுவரை யாரும் இதற்காக வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை. முன்பணம் தர மறுத்தவர்கள் உண்டு. அவர்களிடம் வேலை செய்யாமல் இருந்ததும் ஒரு வருமானம்தான்.

பதிப்புரிமை விஷயத்தில் புதியவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, நீங்களாக வரைந்த ஓவியத்தை ஒருவர் வாங்கிப் போனால் ஓவியம்தான் அவருடையது. அதை அச்சடித்து விற்கும் உரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரைந்து வாங்கிய ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமை அவருக்கே போய்விடும். இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது. எனவே புத்தக அட்டைக்கோ பொருள்களின் உறைக்கோ வரையும்போது, 'இந்தப் பதிப்பின் அட்டைக்கு மட்டும். பதிப்புரிமை ஓவியரிடமே' என்று ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்குங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால் எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சொந்த ஓவியத்தின் விலையைக் குறைக்காதீர்கள்

கைவேலையைப் பற்றி இவ்வளவு சொன்னபின் சொந்த ஓவியத்துக்கு வருகிறேன். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய நெருக்கடி இந்தியக் கலைச் சந்தையையும் இழுத்துக் கீழே போட்டது. அதற்குமுன் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கிக் குவித்தவர்கள் ஒரே நேரத்தில் விலகினார்கள். நிலம் வாங்குவதுபோல் ஓவியம் வாங்குகிறவரை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஓவியம் பிடித்துப்போய் வாங்குகிறவர் மந்தகாலத்திலும் வருவார், கையில் குறைந்த பணத்தோடு.

அவருக்காகச் சிறிய படம் வரையுங்கள். மூன்றடி கேன்வாஸை 30,000க்கு விற்றுக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதை 12,000க்கு இறக்காதீர்கள். போன வருடம் 30,000 கொடுத்தவரை அது அவமதிப்பதாகும். இறக்கிய விலை திரும்ப ஏறுவதும் கடினம். ஒரு சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று உங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதே கணக்கில் எட்டு அங்குலத் தாளில் வரைந்து, வாங்கக்கூடிய விலைக்குக் கொடுங்கள். பெரிய படத்தையே கேட்கிறார் என்றால் மூன்று தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள், கடைசித் தவணையின்போது படம் கைமாறட்டும். ஓர் ஆசிரியை அப்படி என்னிடம் பத்து மாதத் தவணையில் ஒரு படம் வாங்கினார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும். அந்த ஆண்டு என் வீட்டு வாடகையில் பாதி அவருடைய கைங்கரியம்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண், தலைப்பு, அளவு, ஆண்டு, வாங்கியவர் பெயர், விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும், கையால் வரைந்த வாழ்த்தட்டை அனுப்புங்கள். புதியவரைத் தேடிப் பிடிப்பதைவிட ஏற்கெனவே உங்கள் படம் சுவரில் இருக்கும் வீட்டில் இன்னொன்று மாட்டுவது எளிது.

கணினி நொடியில் படம் போட்டுத் தருகிறதே, இனி உங்களுக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்களும் வருவார்கள். எனக்கு இது வலிக்கிற கேள்வி. விளம்பரத் துண்டறிக்கை, வாழ்த்துப் படம் போன்ற சிறு வேலைகள் பல இப்படிப் போய்விட்டன. வாதாடி மீட்க முடியாது. அங்கே வந்து, அந்தச் சுவரைப் பார்த்து, அந்த வீட்டுப் பாட்டியின் மூக்குத்தியைப் பார்த்து வரைய வேண்டிய வேலைகளை நோக்கி நகருங்கள்.

காகித வேலைகள்

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரசின் இணையதளத்தில் இலவசமாகச் செய்துவிடலாம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர் தளம், வெளியே வந்துவிடுங்கள். இந்தப் பதிவால் என்ன பயன்? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, பதிவுள்ள குறுந்தொழிலரிடம் வேலை வாங்கிய நிறுவனம் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இழுத்தடிக்கும் நிறுவனத்துக்கு, சண்டையிடாமல், பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்பினாலே பல நேரம் கணக்குப் பிரிவு அசையும். நிறுவனங்கள் உங்கள் கூலியில் வரி பிடித்தம் செய்திருந்தால், வருடக் கடைசியில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். பிடித்த பணத்தை அப்படியே விட்டுவிடும் ஓவியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு வரவு சேவைக்கு 20 லட்சத்தையும் பொருளுக்கு 40 லட்சத்தையும் தாண்டாதவரை பொதுவாகத் தேவைப்படாது. வெளிமாநில விற்பனைக்கும் இணைய விற்பனைத் தளங்களுக்கும் விதி வேறு. அந்தக் கட்டம் வரும்போது ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு இளநிலை, முதுநிலை நல்கைகளும் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். தஞ்சாவூர் ஓவியம் போன்ற மரபுக் கைவினை செய்பவர்கள் மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை வாங்கிவிடுங்கள், அரசுக் கண்காட்சிகளில் கடை கேட்க அது உதவும். 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 கைத்தொழில்களுக்கு மானியத்தோடு கடன் தருவதற்கானது. உங்கள் வேலை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். எந்த உதவித்தொகையையும் வங்கிக் கணக்கில் விழும்வரை வரவாக எழுதாதீர்கள். கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடனை எந்த நெருக்கடியிலும் தொடாதீர்கள். அந்தக் கடனில் நொந்துபோன இரண்டு நண்பர்கள் எனக்கு உண்டு, ஒருவர் தூரிகையையே விட்டுவிட்டார்.

பொருளில் மிச்சம்

மலிவான வண்ணம் வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்றே ஆண்டில் சிவப்பு வெளுத்துவிடும், வாங்கியவர் உங்களைத்தான் நினைப்பார். நல்ல வண்ணத்தில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு குழாய் போதும், மீதியைக் கலந்துகொள்ளலாம். கேன்வாஸுக்குப் பதில் காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நீங்களே பூச்சு கொடுத்துக்கொள்ளலாம். படத்தைச் சட்டம் போடாமல் விற்றுப் பழகுங்கள். சுருட்டி, பிளம்பிங் கடையில் வாங்கிய பி.வி.சி. குழாய்க்குள் வைத்து அனுப்பினால் கண்ணாடி உடைந்த சண்டையும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் வாடகை மட்டும் குறையாது. ஒருவருக்கு வந்த பெரிய சுவர் நால்வருக்கும் வேலையாகும்.

காலை இரண்டு மணி நேரம்

கைவேலையில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேலை வந்துகொண்டே இருக்கும், மழலையர் வகுப்பு மாம்பழமும் கல்யாண வரவேற்புப் பலகையும் வரைந்து வரைந்து, இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் உங்களுடையது என்று ஒன்றும் இருக்காது. நான் 2021 முழுவதும் அப்படிக் கழித்தேன். வருமானம் நன்றாகவே இருந்தது. ஆண்டு முடிவில் ஒரு படம்கூட இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதன்பிறகு காலை ஐந்தரை முதல் ஏழரை வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கைப்பேசி அடுத்த அறையில். பெரிய கேன்வாஸ் வேண்டாம், அதற்கு மனமும் பணமும் வேண்டும். தாளில் மையோ நீர்வண்ணமோ எதுவானாலும் சரி, வாரத்துக்கு ஒன்று முடிக்க வேண்டும், முடித்த அன்றே தேதி போட்டுக் கையெழுத்திட்டு உறையில் போட்டுவிட வேண்டும். நன்றாக வந்ததா என்று ஆறு மாதத்துக்குப் பார்ப்பதில்லை.

சந்தை திரும்பும்போது முதலில் கண்விழிப்பவர்கள் காட்சிக்கூடக்காரர்கள். என்னைச் சென்னைக்கு அழைத்தவர் என் பழைய விலையைக் கேட்கவில்லை, விற்ற கணக்கையும் கேட்கவில்லை. "இந்த இரண்டு வருடத்தில் என்ன செய்தீர்கள், காட்டுங்கள்" என்றார். உறையிலிருந்து எழுபது தாள்களை எடுத்து அவருடைய மேசையில் பரப்பினேன். இருபத்திரண்டு தாள்களை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, தேநீர் சொன்னார்.